மவுத் ஆர்கனுக்குப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மவுத் ஆர்கன் வாசிக்கிறவர்கள் பழைய வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்கு முன் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கிய ஆம்ப்ளிஃபயர்) தேடும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கிட்டார்காரர்களுக்கான அறிவுரை நிறையக் கிடைக்கிறது. ஆனால் மவுத் ஆர்கனுக்கு வேண்டிய ஆம்ப் வேறு, பார்க்க வேண்டிய இடங்களும் வேறு.

மவுத் ஆர்கனுக்கு வால்வு ஆம்ப் கட்டாயம் வேண்டுமா?

வேண்டியதில்லை. என்ன வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய சினிமாப் பாட்டுகளைக் குரோமாட்டிக்கில் (பக்கப் பொத்தானை அழுத்தி அரை ஸ்வரங்களும் வாசிக்கும் வகை) வாசிப்பவருக்கு ஒலி சுத்தமாக வரணும். நல்ல மைக்கும் மண்டபத்தில் இருக்கும் சவுண்ட் சிஸ்டமும் போதும். கடைகளில் அதிகம் கிடைக்கும் ட்ரெமோலோ வகைக்கும் அதேதான். அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சுருதி லேசாகத் தள்ளிய இரண்டு ரீடுகள் சேர்ந்து ஒலிக்கும். முறுக்கிவிட்ட வால்வு ஆம்பில் அதைக் கொடுத்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

பத்துத் துளை டயடோனிக்கில் ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையை வாசிப்பவருக்குத்தான் வால்வு ஆம்ப் வாத்தியத்தின் பாதி. 1950களில் சிகாகோவில் லிட்டில் வால்டர் போன்றவர்கள் மைக்கையும் ஹார்மோனிகாவையும் (மவுத் ஆர்கனின் இன்னொரு பெயர்) சேர்த்துக் கைக்குள் பொத்தி, வால்வு ஆம்பைத் திணறும் அளவுக்கு ஓட்டி வாசித்தார்கள். அப்போது வரும் தடித்த, லேசாகக் கிழிந்த ஒலி ஆம்பில்தான் பிறக்கிறது. மெதுவாக ஊதினால் சுத்தமாகவும், அழுத்தி இழுத்தால் கரகரப்பாகவும் மாறுகிற அந்தக் குணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நம்ம பக்கம் எந்த மாதிரி ஆம்ப் கிடைக்கும்?

முதலில் மைக்செட் ஆம்ப். அந்தக் காலத்தில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் ஓடிய அகுஜா, பிலிப்ஸ் பி.ஏ. செட்டுகள். காங்கேயம், தாராபுரம், கோபி என்று எந்த ஊரிலும் பழைய சவுண்ட் சர்வீஸ்காரர் குடோனில் ஒன்றிரண்டு தூசி படிந்து கிடக்கும். நம் ஊரில் மவுத் ஆர்கனுக்கு மிக நியாயமான தேர்வு இதுதான் என்பது என் கருத்து. டிரான்ஸ்பார்மர் கனமானது, 230 வோல்ட் சப்ளைக்கே கட்டினது, மைக்குக்கென்றே செய்த உள்ளீடு.

இரண்டாவது, சினிமா ஆம்ப். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் கட்டிய ஊர் கோவை. பிறகு அங்கேயே சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் வந்தன. ஊருக்கு ஊர் டூரிங் டாக்கீஸ் இருந்தது. அதனால் கொட்டகைச் சாமான்கள் இந்தப் பக்கம் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 16 மில்லிமீட்டர் புரொஜக்டரின் உள்ளே இருந்த வால்வு ஆம்பை ஹார்மோனிகாவுக்கு மாற்றி வாசிப்பது அமெரிக்காவில் பழைய பழக்கம். பெல் அண்ட் ஹவல் ஃபிலிமோசவுண்ட் இதற்குப் பேர்போனது. ஒரே ஒரு எச்சரிக்கை: படத்தின் ஒலித்தடத்தைப் படிக்கும் போட்டோசெல் இணையும் உள்ளீட்டில் அந்தச் செல்லுக்காக டிசி மின்னழுத்தம் நிற்கும். அதில் நேராக மைக்கைச் செருகக் கூடாது. தெரிந்த மெக்கானிக் அந்த இணைப்பைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் தொடணும்.

மூன்றாவது வால்வு ரேடியோ, ரேடியோகிராம். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது. நான்காவது, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஃபெண்டர் மாதிரியான கிட்டார் ஆம்ப். இது அபூர்வம், விலையும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் தாத்தாவின் வால்வு ரேடியோ இருக்கிறது. அதில் மைக் செருகி வாசிக்கலாமா?

எந்த ரேடியோ என்று தெரியாமல் கூடாது. பழைய ரேடியோக்களில் ஏசி/டிசி செட் என்று ஒரு வகை உண்டு. அதில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. சுவரிலிருந்து வரும் கரண்டின் ஒரு முனை நேராக உள்ளிருக்கும் தகரச் சேசிஸில் இணைந்திருக்கும். பிளக்கை ஒரு பக்கம் செருகினால் சேசிஸ் நியூட்ரல், திருப்பிச் செருகினால் முழு 230 வோல்ட். மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் இருந்ததால் பாட்டுக் கேட்டவர்கள் தப்பித்தார்கள்.

இதில் மைக் ஜாக் பொருத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சேசிஸில் இருக்கும் கரண்ட் மைக் வயரின் ஷீல்டு (வெளிப் பின்னல் கம்பி) வழியாக மைக்கின் உலோக உடலுக்கு வரும். அந்த மைக்கோடு சேர்த்து நீங்கள் பொத்திப் பிடித்திருப்பது உலோகத் தகடு போட்ட ஹார்மோனிகா, அது இருப்பது ஈர உதட்டில். கிட்டார்காரருக்கு விரலில் அடிப்பது நமக்கு வாயில் அடிக்கும். வெறுங்காலில் தரையில் நின்றால் பிழைப்பது கடினம்.

அடையாளம் சுலபம். வால்வுகளின் மேல் யுசிஎச், யுஎல், யுஒய் என்று 'யு'வில் தொடங்கும் பெயர் இருந்தால் அது ஏசி/டிசி செட். இசிஎச், இஎல், இஇசட் என்று 'இ' வரிசையாக இருந்து, உள்ளே கனமான டிரான்ஸ்பார்மரும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் சில செட்டுகளில் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் போட்டிருப்பார்கள், அதுவும் சேசிஸைப் பிரித்து வைக்காது. ஆகவே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, செட்டின் சுவிட்சை மட்டும் ஆன் செய்து, பிளக் பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இரண்டு பின்னிலும் இணைப்பே காட்டக் கூடாது. ஏதாவது ஒன்றில் காட்டினால் அந்த ரேடியோவைப் பாட்டுக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போகணும்?

மல்ட்டிமீட்டர், டார்ச், ஸ்குரூ டிரைவர், சீரிஸ் பல்பு போர்டு (ஆம்புக்குப் போகும் கரண்ட் ஒரு பல்பு வழியாகவே போகும்படி கட்டிய பலகை), வேலை செய்யும் என்று தெரிந்த 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. அப்புறம் நீங்கள் தினமும் வாசிக்கும் மைக், அதற்கான ஜாக், இரண்டு ஹார்மோனிகா. விற்பவரின் மைக்கில் சோதித்தால் அந்த மைக்கைப் பற்றித்தான் தெரிந்துகொள்வீர்கள்.

"நேத்துக்கூட ஓடுச்சுங்க, அப்படியே பிளக்கை மாட்டுங்க" என்கிறார் விற்பவர். மாட்டலாமா?

மாட்ட வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பல வருஷம் கரண்ட் ஏறாமல் கிடந்த ஆம்பில், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் தேய்ந்திருக்கும். திடீரென முழு வோல்டேஜ் ஏறினால் அது ஷார்ட் ஆகும். அதோடு சேர்ந்து, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வும், கெட்ட நேரமாக இருந்தால் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரும் போகும். சின்னச் சாமானில் ஆரம்பித்த கோளாறு ஆம்பின் உயிரில் போய் முடியும்.

மரியாதையாக இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, ரொம்ப நாளா போடாம இருந்துதுங்களா? சீரிஸ் பல்புல வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துக்கட்டுங்களா?" மைக்செட் தொழிலில் இருந்தவர் மறுக்க மாட்டார். அவரும் அப்படித்தான் சோதித்திருப்பார்.

சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். பெரிய ஆம்பாக இருந்தால் 100 வாட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரியும். ஆம்ப் நன்றாக இருந்தால் ஓரிரு நொடியில் வெளிச்சம் இறங்கும், வால்வுகள் சூடாகி இழுக்கத் தொடங்கியதும் மறுபடி லேசாக ஏறி மங்கலாக நிற்கும். பல்பு முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள். கரண்ட் ஏறிய ஆம்பில் ஸ்பீக்கர் இணைக்காமல் எதையும் செய்யக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் (வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் இருப்பது) எரிவது பெரும்பாலும் அப்படித்தான்.

மங்கலாகவே நிலைத்தால் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு பல்பை எடுத்து முழு வோல்டேஜ் கொடுங்கள். அறை விளக்கை அணைத்து அவுட்புட் வால்வுகளைப் பாருங்கள். நடுவில் இழையின் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. வெளியே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தால் ஏதோ பெரிய தவறு, பெரும்பாலும் கப்ளிங் கெப்பாசிட்டர் (அடுத்த வால்வுக்கு ஒலியை மட்டும் கடத்த வேண்டியது) டிசியைக் கசியவிடுகிறது. அதுவே தனியாக இருந்தால் மலிவான பழுதுதான், ஆனால் சிவந்த தகட்டோடு ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள்.

திறந்து பார்த்தால் என்ன தெரியும்?

நிறையத் தெரியும். காங்கேயம் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாடு பிடிப்பவர் இல்லை, இதையும் அடித்தகட்டைக் கழற்றாமல் வாங்காதீர்கள். கழற்றும் முன் பிளக்கை எடுத்துவிடுங்கள், ஆனால் உள்ளே விரலை விடாதீர்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் அணைத்த பிறகும் தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் காலை இன்சுலேஷன் பிடியுள்ள வயரில் இணைத்து அதை இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். பழக்கமில்லாதவர் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கண்ணால் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் இருந்து வந்த செட் ஒன்றைத் திறந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். சேசிஸ் முழுக்கப் பஞ்சுத்தூசி மெத்தை மாதிரி படிந்து கிடந்தது. ரெக்டிஃபயர் சாக்கெட்டைச் சுற்றி மட்டும் அது பழுப்பேறிப் பொசுங்கியிருந்தது, அந்த இடத்தில் தீப்பொறி தாவியிருக்கிறது. ஒரு மூலையில் எலி புழுக்கை, வயரின் ரப்பர் உறை கடிபட்டு செம்பு தெரிந்தது. மெழுகு பூசிய பழைய காகிதக் கெப்பாசிட்டர்கள் உருகி வடிந்திருந்தன. ஆனால் இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் திருகுகளிலும் அந்தக் கால பெயின்ட் முத்திரை உடையாமல் இருந்தது. யாரும் கழற்றியதே இல்லை. அழுக்கைப் பார்த்து விலகினவர்கள் நல்ல ஆம்பை விட்டார்கள்.

ஆக, கவலைப்பட வேண்டியவை, வேண்டாதவை என்று பிரித்துப் பாருங்கள். தூசி, மெழுகுக் கெப்பாசிட்டர், வீங்கிய எலக்ட்ரோலிட்டிக், கரகரக்கும் வால்யூம், துரு பிடித்த ஜாக் எல்லாம் மாற்றக்கூடியவை. கருகிய டிரான்ஸ்பார்மர், கார்பனாகிப் போன சாக்கெட், யாரோ அரைகுறையாக டிரான்சிஸ்டர் போர்டைச் சேர்த்து வைத்த வேலை ஆகியவை விலையைப் பாதியாக்கும் விஷயங்கள். தார் வடிந்த, எரிந்த வார்னிஷ் நாற்றம் அடிக்கிற டிரான்ஸ்பார்மர் என்றால் மூடிவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

டிரான்ஸ்பார்மர் போனால் என்ன, கோவையில் காயில் கட்டாத தெருவா?

உண்மைதான், மோட்டாருக்கும் பம்புக்கும் காயில் கட்டும் திறமை இங்கே இருப்பது போல வேறெங்கும் இருக்குமா என்று தெரியாது. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரை நல்ல வைண்டிங் கடையில் கொடுத்தால் அச்சாகக் கட்டித் தருவார்கள். பழைய காயிலைப் பிரிக்கும்போது ஒவ்வொரு வைண்டிங்கிலும் எத்தனை டர்ன், என்ன கேஜ் என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேறு சமாச்சாரம். அதில் பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிக் கட்டப்பட்டிருக்கும். அந்த அடுக்குமுறை தவறினால் ஓடும், ஒலி மட்டும் தட்டையாகிவிடும். பம்பு மோட்டார் கட்டிப் பழகின கைக்கு இது தனியாகத் தெரிய வேண்டிய வேலை. அதனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருக்கிறதா என்பதற்குத்தான் நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். கெப்பாசிட்டர் இறங்கின பிறகு, அவுட்புட்டில் ஒரு ஜோடி வால்வு உள்ள செட்டில், அந்த டிரான்ஸ்பார்மர் பிரைமரியின் நடு முனையிலிருந்து இரண்டு பக்கமும் ஓம் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கணும். ஒரு பக்கம் திறந்தோ மிகக் குறைந்தோ காட்டினால் போய்விட்டது.

மைக்செட் ஆம்பின் பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்றும் 100 வோல்ட் என்றும் முனைகள் இருக்கும். 100 வோல்ட் முனை தூரத்துக் கூம்பு ஸ்பீக்கர்களுக்கு, லைன் டிரான்ஸ்பார்மரோடு போடுவதற்கு. உங்கள் 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில்தான் இணைக்கணும்.

'கொர்' என்று சத்தம் வருகிறது. வாங்கலாமா?

வால்யூமைக் குறைத்தாலும் குறையாத 'கொர்' பெரும்பாலும் வற்றிப்போன ஃபில்டர் கெப்பாசிட்டர். நம் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் அது 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். மாற்றினால் போய்விடும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வால்யூமோடு ஏறுகிற மெல்லிய 'ம்ம்' என்றால் உள்ளீட்டுப் பக்கம் எர்த் அல்லது ஷீல்டு சரியில்லை. பக்கத்தில் விசைத்தறியோ பம்புசெட்டோ ஓடினால் 'கிர்ர்' என்று வருவது லைன் வழியாக வருகிற சத்தம். பல்லடம், சோமனூர் பக்கம் சோதித்தால் தறி நின்ற நேரத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வால்வு இப்போதும் கிடைக்குமா?

முக்கியமானவை கிடைக்கும். 12ஏஎக்ஸ்7 எனப்படும் இசிசி83, இஎல்84, இஎல்34, 6எல்6, 6வி6 எல்லாம் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இப்போதும் புதிதாகச் செய்யப்படுகின்றன, இணையத்தில் வாங்கலாம். பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் செய்த பழைய வால்வுகளும் ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாவில் இன்னும் கிடக்கின்றன. நல்ல சரக்கு, கண்ணில் பட்டால் விடாதீர்கள். கேள்விப்படாத எண் உள்ள அவுட்புட் வால்வு போட்ட செட் என்றால் மட்டும் முதலில் அந்த வால்வு கிடைக்கிறதா என்று தேடிவிட்டு விலை பேசுங்கள்.

பென்சிலின் மரப்பக்கத்தால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடிப்பது போல ஓசை வந்தால் அது மைக்ரோபோனிக். ரேடியோ கேட்பவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மைக் வைத்து வாசிக்கும் நமக்கு முதல் நிலை வால்வில் இது இருந்தால் ஆம்ப் தானாகவே ஊளையிடும்.

வாசித்துப் பார்க்கும்போது என்ன கேட்கணும்?

இந்த ஒரு சோதனைக்குத்தான் இவ்வளவு தயாரிப்பும். அவசரப்படாமல் உட்காருங்கள்.

முதலில் டிரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், பேஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள், வால்யூம் கால்வாசி. மைக்கைக் காற்றுப் போகாமல் பொத்தி, சி ஹார்மோனிகாவின் இரண்டாம் துளையை மெதுவாக இழுங்கள். ஸ்வரம் முழுசாக, வட்டமாக வரணும். அதே ஸ்வரத்தை இப்போது அழுத்தி இழுங்கள். நல்ல ஆம்பில் சத்தம் அதற்கேற்ற அளவு ஏறாது, தன்மை மாறும்: ஓரங்கள் கரகரக்கும், நடு தடிக்கும். சத்தம் மட்டும் ஏறி ஒலி அப்படியே இருந்தால் அது சுத்தமான பி.ஏ. ஆம்ப் குணம். இன்னும் கொஞ்சம் வால்யூம் கொடுத்துப் பார்க்கலாம். மெதுவாக ஊதும்போதே கிழிந்து கொட்டினால் கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம், அதற்கு மருந்து கீழே இருக்கிறது.

அடுத்து, ஒன்று முதல் நான்கு துளைகள் வரை கார்டாக இழுங்கள். நான்கு ஸ்வரமும் ஒரே கும்பலாகச் சேர்ந்து கேட்கணும், ஆனால் சேறாகிவிடக் கூடாது. பிறகு நாக்கால் 'தக்' என்று வெட்டி வெட்டி வாசியுங்கள். ரெக்டிஃபயர் வால்வு போட்ட செட்டில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஹெச்டி வோல்டேஜ் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி) லேசாகத் தாழ்ந்து உடனே எழும். அந்தத் தாழ்வு மூச்சோடு சேர்ந்துகொள்ளும். வாசிப்பவருக்கு ஆம்ப் தன்னோடு மூச்சு விடுவதாகத் தோன்றும் இடம் அதுதான். ரெக்டிஃபயர் வால்வை எடுத்துவிட்டு டயோடு போட்டிருந்தால் பதில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். வேண்டாம் என்று சொல்ல அது போதாது, ஆனால் இரண்டு செட் இருந்தால் நான் வால்வு போட்டதை எடுப்பேன்.

அப்புறம் மேல் துளைகள். எட்டு, ஒன்பது, பத்து ஊதும்போது காதைக் குத்துகிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கையைத் திறந்து மூடி 'வா-வா' செய்யுங்கள். திறப்புக்கும் மூடலுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் இந்த ஆம்ப் உங்கள் கை சொல்வதைக் கேட்கிறது.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி வாசியுங்கள். சூடேறியதும் ஒலி மங்கினாலோ, மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரில் உள்ளங்கை வைத்து ஐந்து எண்ண முடியாவிட்டாலோ உள்ளே ஏதோ அதிகம் இழுக்கிறது.

வால்யூமை ஏற்றினாலே ஊளையிடுகிறதே?

பொத்திப் பிடித்த மைக்கில் இது இயல்பான பிரச்சினை. முதலில் ஸ்பீக்கருக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நில்லுங்கள், டிரெபிளைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முதல் நிலையில் இருக்கும் 12ஏஎக்ஸ்7ஐ எடுத்துவிட்டு அதே இடத்தில் 12ஏஒய்7 போடுங்கள். பெருக்கக் காரணி முந்தையதில் 100, பிந்தையதில் 44 அளவு. இடையில் 12ஏடி7 இருக்கிறது, 60. இன்னும் அடக்கணும் என்றால் 12ஏயு7, சுமார் 20. பின் இணைப்பு நான்குக்கும் ஒன்றுதான், சாக்கெட்டில் எதையும் மாற்ற வேண்டாம். கிட்டார்காரர் கெயினைத் தேடுவார். நாம் குறைக்கிறோம். குறைத்தால் வால்யூமை இன்னும் மேலே கொண்டுபோக முடியும், அவுட்புட் வால்வு உழைக்கும், அங்கே வரும் கரகரப்புத்தான் தடிப்பானது.

எந்த மைக்கை வைத்துச் சோதிப்பது?

ஷூர் கிரீன் புல்லட், அஸ்டாட்டிக் ஜேடி-30 மாதிரியான ஹை இம்பீடன்ஸ் (மின்மறுப்பு அதிகமான) மைக் இருந்தால் நேராகச் செருகலாம். மேடைகளில் பார்க்கும் எஸ்எம்58 லோ இம்பீடன்ஸ், அதற்கு மேட்சிங் டிரான்ஸ்பார்மர் வேண்டும். இல்லாமல் செருகினால் ஒலி பலவீனமாக வரும், ஆம்பைக் குறை சொல்லிவிடுவீர்கள்.

பழைய கிரிஸ்டல் மைக் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கணும். அதற்கு உள்ளீட்டு ரெசிஸ்டர் 5 மெகா ஓம் அளவு இருந்தால்தான் கீழ் ஸ்வரங்கள் முழுசாக வரும். வழக்கமான 1 மெகா ஓமில் மெலிந்து கேட்கும். அந்த ஒரு ரெசிஸ்டரை மாற்றிவிடலாம். இன்னொன்று, உள்ளே இருக்கும் ரோஷல் உப்புப் படிகம் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ பூட்டிய காருக்குள் ஒரு மத்தியானம் வைத்தால் போதும். வால்பாறை ஈரமும் அதற்கு ஆகாது.

ஸ்பீக்கர்?

மைக்செட் ஆம்போடு கூம்பு ஸ்பீக்கரும் சேர்த்துத் தருவார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாசிப்புக்கு வேண்டாம், மேல் ஸ்வரம் காதை அறுக்கும். சி ஹார்மோனிகாவின் கடைசிக் கீழ் ஸ்வரம் 262 ஹெர்ட்ஸ், உச்சி 2093 ஹெர்ட்ஸ். கிட்டாரின் கீழ்க் கம்பி போல 82 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அதனால் 8 அங்குலம், 10 அங்குலப் பழைய காகிதக் கோன் ஸ்பீக்கர்களே அருமையாகப் பொருந்தும். ரேடியோகிராமிலிருந்து வந்த ஸ்பீக்கரைக்கூடச் சின்ன ஆம்பில் போடலாம். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். சொரசொரவென்று உரசினால் காயில் சாய்ந்திருக்கிறது. ஓரக் கிழிசல் மட்டும் என்றால் காகிதமும் பசையும் வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

எத்தனை வாட் வேண்டும்?

வீட்டுக்கும் ரெக்கார்டிங்குக்கும் 5 வாட். நண்பர்களோடு டிரம்ஸ் வைத்து வாசித்தால் இஎல்84 ஜோடி தரும் 15 வாட். அதற்கு மேல் போனால், மேடையில் ஆம்புக்கு முன் ஒரு மைக் வைத்துக்கொள்வது நல்லது. 40 வாட் மைக்செட்டை வீட்டில் கரகரக்க வைத்தால் தெருவே எழுந்து வரும். ஹார்மோனிகாக்காரர்கள் கொண்டாடும் ஃபெண்டர் ஆம்ப்களைப் பாருங்கள்: 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு வந்த சாம்ப் ஒரு முனை, 10 அங்குல ஸ்பீக்கர் நான்கோடு 1950களில் வந்த பாஸ்மேன் மறுமுனை. வீட்டில் வாசிப்பவருக்கு முதல் முனைதான் பக்கம்.

அமெரிக்க ஆம்ப் ஒன்று வருகிறது. பின்னால் 117 வோல்ட் என்று போட்டிருக்கிறது.

நேராகச் செருகினால் சில நொடியில் புகை. வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், ஆம்ப் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக, எர்த் பின் உள்ளதாக வாங்குங்கள். முடிந்தால் 110 வோல்ட் கொடுப்பதையே எடுங்கள். அந்த ஆம்ப் 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டினது, நம் 50 ஹெர்ட்ஸில் அதன் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடாகும். ராத்திரி லோடு குறைந்து நம் லைன் 240, 250க்கு ஏறுகிற ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

விலை எப்படிப் பேசுவது?

கேட்கும் விலையிலிருந்து ஃபில்டர் கெப்பாசிட்டர், கப்ளிங் கெப்பாசிட்டர், மூன்று கோர் வயர், ஒரு செட் வால்வு, மெக்கானிக் கூலி ஆகியவற்றை மனசுக்குள் கழித்துவிடுங்கள். "எல்லாம் ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொன்னால், அறுபது வருஷக் கெப்பாசிட்டர் ஒரிஜினலாக இருப்பது வாங்குபவருக்குச் செலவு என்று பதமாகச் சொல்லுங்கள். இரண்டு டிரான்ஸ்பார்மரும் நல்ல ஸ்பீக்கரும்தான் நீங்கள் வாங்கும் சொத்து. அவை மூன்றும் நன்றாக இருந்தால், ஓடாத ஆம்பைக்கூடத் தயங்காமல் வாங்கலாம். மைக்செட்காரர் அந்தச் செட்டை வைத்துக் குடும்பம் நடத்தியவர். ஆக்கர் (பழைய இரும்பு) விலைக்குக் கேட்டு அவர் மனசை நோகடிக்காதீர்கள். எந்த வால்வு எப்போது மாற்றினது, எந்த ஜாக் தொந்தரவு கொடுக்கும் என்று அவருக்குத் தெரிந்ததை வேறு யாரும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

வாசிப்பதற்கு முன் எர்த். பழைய இரண்டு பின் வயரை வெட்டிவிட்டு மூன்று கோர் வயர் போட்டு, பச்சை வயரைச் சேசிஸில் தனித் திருகில் இறுக்கணும். ஃபியூஸ் ஃபேஸ் வயரில் இருக்கணும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். 0.05 மைக்ரோஃபாரட் என்றால்கூட 230 வோல்ட்டில் சுமார் 3.6 மில்லி ஆம்பியர் கசியும், எர்த் இல்லாத மைக்கில் உதடு வைத்தால் சுருக்கென்று அடிக்கும். அது ஷார்ட் ஆனால் முழு கரண்ட்டும் வரும். வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ஆம்புக்கு முன் அதைப் போடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஆம்பை ஆன் செய்து, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, மைக்கின் உலோக உடலுக்கும் சுவர் சாக்கெட்டின் எர்த்துக்கும் இடையே பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். தோட்டத்து வீடுகளில் எர்த் கம்பி காய்ந்த மண்ணில் பெயருக்கு நிற்கும். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீசியனை வைத்து எர்த் எடுக்கிறதா என்று சோதித்த பிறகு ஹார்மோனிகாவை வாயில் வையுங்கள்.